முதல் கை தண்ணீர்

டீசல் பீப்பாயைக் கிணற்று மேட்டில் வைத்தது என் புத்தி. எஞ்சின் அதிர்வில் அது சாய்ந்து பாதி டீசல் கிணற்றுக்குள் போய்விட்டது. எண்பதுகளின் நடுவில், செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் சாலையோரம் இருந்த எங்கள் நிலத்துக் கிணறு அது. சுற்றியிருந்த ஆறு வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். நாலு தடவை இறைத்துக் கொட்டியும் நாற்றம் போகவில்லை.

அப்போதுதான் என் கல்லூரித் தோழன் வந்தான். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. என் கல்யாணத்தில் பந்தல் போடுவதிலிருந்து கூடவே நின்றவன். எண்ணெயைத் தின்னும் கிருமி என்று ஒரு கேனைக் கொண்டுவந்து ஊற்றினான். பாலைத் தயிராக உறைய வைக்கிறதே, அந்த மாதிரிதான் என்றான். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

இரண்டு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. எங்கள் பக்கத்தில் கெட்டுப்போன கிணறு சரியானால், சொந்தக்காரன் எல்லோர் முன்னாலும் முதல் கை தண்ணீர் குடிக்க வேண்டும். அதன் பிறகே மற்றவர்கள் குடம் இறக்குவார்கள். நான் பந்தாவாகக் குடித்தேன். அவனையும் குடிக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். பட்டணத்து வயிறு தாங்காது போலிருக்கிறது என்று கேலி செய்து அனுப்பினேன்.

பிறகும் மாதம் ஒருமுறை வந்து புட்டியில் தண்ணீர் எடுத்துப் போனான். என் மேல் அக்கறை என்று நினைத்தேன். ஒருநாள் ஒரு காகிதத்தை நீட்டி, முன்தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டான். சோதனைக்கு நான் சம்மதித்ததாக அதில் எழுதியிருந்தது. துருவியபோதுதான் கக்கினான். மரபணுவை மாற்றிச் செய்த கிருமியாம். வெளியே விட அவன் மேலதிகாரிகளே அனுமதி தரவில்லையாம். குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லையாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீ ஒத்துக்கமாட்ட. இதுக்குன்னு சட்டம் எதுவும் இன்னும் வரலை. இதுல இன்னா தப்பு இருக்குது?"

கிருமியைத் திரும்ப எடுக்க முடியாதாம். ஆனால் அது ஆய்வுக்கூடத்தின் சொத்தாம், வெளியே சொல்லக் கூடாதாம். கிருமி அவர்கள் சொத்து என்றால் அதைக் குடித்த வயிறு யாருடையது? காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்படியொரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

மறுநாள் காலை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. இனியும் ஆகாது என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என் தோழன் என்னை ஏமாற்றிவிட்டான் என்றேன். அவர் நிமிரவில்லை.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நீ குடிச்சதைப் பாத்துதான் என் புள்ளைங்களுக்கு மொண்டு குடுத்தேன்."