என்ன சட்டை போட்டிருந்தார்?

எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ஆள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போன வருஷம். தாராவிக்கு அடியில், மண்ணுக்குள், மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான். மத்தியானம் கண் அசந்தால் கட்டிலுக்குக் கீழே யாரோ மெல்ல நடந்து போவது போல் இருக்கும். ரயிலா, என் மனசா என்று தெரியாது. அப்படிக் கண் அசந்திருந்த ஒரு மத்தியானம் நெருளிலிருந்து போன் வந்தது.

பேத்திதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே நின்றாள். போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தாத்தா, அலமேலு மாமி செத்துப் போயிட்டாங்க” என்றாள். தவறிவிட்டார்கள் என்றோ, சாமியிடம் போய்விட்டார்கள் என்றோ சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அந்தச் சொல்லை அப்படியே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத்தான் அழுதாள். மாமியிடம் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு வந்தவர்கள் அறிவீர்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. மளிகைக்கடை தங்கராஜ் அண்ணாச்சியின் மூத்த மகள் பேச்சி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டவேண்டாம்.

ஊரடங்கு தளர்ந்து லோக்கல் ரயிலில் எல்லாரையும் மறுபடி ஏறவிட்ட வருஷம் மாமி முதலில் வந்தார். மாட்டுங்காக்காரர். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை விட்ட ஒரு காலையில், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் நுழைந்து, பால்வாடி அறையின் சாவி யாரிடம் என்று கேட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த அறை வாசலில்தான் என் டீ அடுப்பு.

“அப்பாவோ அம்மாவோ செத்துப்போன கொழந்தைகள் இந்தப் பக்கம் நெறைய இருக்காளாமே. ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி நேரம் சேந்து உக்காரலாம்னு பாக்கறேன்.”

“உக்காந்து என்னம்மா செய்யப் போறிய?”

“ஒண்ணும் செய்யப் போறதில்லே. அதான் விசேஷம்.”

அந்த அறைச் சுவரில் மீனும் ஆமையும் வரைந்திருக்கும். கூரைக்கு நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியாக இறங்கும்போது உள்ளே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். டீ ஆற்றிக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்ததும் மாமி கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இந்த வாரம் கனவிலே யார் யார் வந்தா?”

ஒருத்தன் கை தூக்குவான். அப்பா வந்தார் என்பான். மாமி அதற்குப் பலன் சொல்லமாட்டார். நல்ல கனவு, கெட்ட கனவு என்று பிரிக்கவும் மாட்டார். “என்ன சட்டை போட்டிருந்தார்? ஈரமா இருந்தாரா? ஏதாவது சாப்பிட்டாரா?” அவ்வளவுதான் கேட்பார். பிள்ளை கண்ணை மூடி யோசித்து, “கட்டம் போட்டது, பட்டன் இல்லாதது” என்று சொல்லும். அந்த நேரத்தில் அந்தச் சட்டை போட்ட ஆள் அந்த அறையில் வந்து நிற்பது எனக்கே தெரிந்திருக்கிறது. டீயை ஒரு கிளாஸ் கூடுதலாக ஊற்றிவிட்டு முழித்திருக்கிறேன்.

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். மாமிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு தம்பி இறந்தானாம். மறுநாளே வீட்டில் அவன் துணிமணி, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். அவன் பேரை யாரும் சொல்லக்கூடாது. “அவன் என் கனவிலே வருவான், பெரியவரே. நீலக் கோடு போட்ட சட்டை. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அறுபது வருஷமா ஒருத்தரும் கேக்கலே.”

பெரியவர்களுக்கு வெளியே நடையில் ஒரு பாய் விரித்திருக்கும். தங்கராஜ் அண்ணாச்சி முதலில் அந்தப் பாயில் உட்காரமாட்டார். சம்சாரம் இறந்து நாலு மாதம். மகள்கள் இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாவியைச் சுற்றிக்கொண்டு நிற்பார். “நான் பிள்ளைகள விடத்தான் வந்தேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல” என்பார்.

“டீ குடிக்கறதுக்குக் கொறை வேண்டாம். உக்காருங்கோ” என்றார் மாமி.

நாலு வாரம் வாய் திறக்காமல் டீ குடித்தார். ஐந்தாவது வாரம் சொன்னார்: “மூத்தவளுக்குத் தலை பின்னத் தெரியல எனக்கு. மூட்டை கட்டுத முடிச்சுதான் தெரியும். அதையே போட்டு விடுதேன். பள்ளிக்கூடத்துல சிரிக்காளுவளாம்.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, ஆம்பிளை அழலாமா, மனசைத் தேத்திக்கணும் என்று ஆரம்பித்தார். உள்ளே இருந்து மாமியின் குரல் வந்தது: “தண்ணி குடுங்கோ. புத்திமதி குடுக்காதீங்கோ.”

இதைச் சொல்லும்போது பேச்சி எழுதுவதை நிறுத்திவிட்டாள். “அந்த முடிச்சையும் எழுதணுமா தாத்தா?” என்கிறாள். எழுது தாயி. உங்கப்பா அதற்குப் பிறகு நன்றாகவே பின்னினார்.

இனி என் சங்கதி. அப்போது என் பேத்திக்கு எட்டு வயது. ரெண்டு வயதிலேயே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதனால் மாமி அவளையும் வட்டத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் முறை வரும்போது, “எனக்கு அம்மா மூஞ்சியே தெரியாது. எனக்கு யாரும் வரல. எங்கப்பா ஊர்ல இருக்காரு” என்பாள்.

அவள் அப்பா ஊரில் இல்லை. என் மகன் முருகன், எல்லாரும் வாயில் துணி கட்டிக்கொண்டு திரிந்த முதல் வருஷத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவன். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதம் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை, அப்பா எங்கே என்று கேட்டபோது, “ஊருக்குப் போயிருக்கான்” என்று என் வாயில் வந்துவிட்டது. யாரும் சந்தேகப்பட முடியாத பொய். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் ஊருக்குத்தானே போயிருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் பொய் கனத்தது.

போன் போடு என்றாள். போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றேன். அது உண்மையாகவே பெட்டியில்தான் இருந்தது. பிறகு கடிதம் வருகிறது என்றேன். பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “ஏட்டி, நல்லாச் சாப்பிடு, தாத்தாவைத் தொந்தரவு பண்ணாத” என்று படிப்பேன். அவள் படித்தது இந்திப் பள்ளிக்கூடம். அவளுக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவில் அந்தக் காகிதம் ஒரு வருஷத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் அவள் பெருமை அடித்தாள், அப்பா லெட்டர் போடுவார் என்று. பேச்சி தமிழ்ப் பள்ளிக்கூடம். “எடுத்துட்டு வா, நான் வாசிச்சுக் காட்டுதேன்” என்றாள். “அடுத்த சண்டே பக்கா” என்றாள் என் பேத்தி. என் கையில் இருந்த டீ வடிகட்டி அப்படியே நின்றுவிட்டது. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, “என் மகன் எழுதுத மாதிரி ஒரு கடுதாசி எழுதித் தாங்கம்மா” என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேஜையில் காகிதத்தை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மரம் அசைந்து, அதன் நிழல் அந்தக் காகிதத்தின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

“உங்க புள்ளை என்ன சொல்லுவான்னு எனக்கெப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்கோ. சொன்னதை எழுதறேன். ஒரு எழுத்து கூட்டமாட்டேன், கொறைக்கமாட்டேன்.”

“ஏட்டி, நான் இங்கே சௌக்கியம்...” என்று ஆரம்பித்தேன்.

மாமி எழுதவில்லை. “உங்க புள்ளை அவளை எப்படிக் கூப்பிடுவான்?”

“பேட்டான்னு கூப்பிடுவான்.”

“அப்படியே கூப்பிடுங்கோ.”

கூப்பிட்டேன். பேட்டா என்றேன். பிள்ளையைக் கூப்பிடுகிற அந்த இந்திச் சொல், அவன் போனபிறகு என் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. என் வாயில் அவன் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் சொன்னதெல்லாம் நான் சொன்னதா, அவன் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது. மாமி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். முடித்து, நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். “இதை நான் படிக்கமாட்டேன், பேச்சியும் படிக்கமாட்டா. உங்க வாயாலதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதல் தடவையாக உள்பாயில் உட்கார்ந்தேன். காகிதத்தை விரித்தேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம்.

“பேட்டா, நான் ஊருக்குப் போகல. எனக்கு மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயே செத்துப் போயிட்டேன். தாத்தாவ உள்ள விடல. உங்கிட்ட சொல்ல அவருக்குப் பயம். அதனால பொய் சொன்னாரு. கோவமா இருந்தா அவருகிட்ட கோவப்படு. எங்கிட்ட வேண்டாம்.”

அறையில் நீல வெளிச்சம் அசையவே இல்லை. பேத்தி என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுதான் அப்பா லெட்டர். மத்ததெல்லாம் நீதான தாத்தா. அப்பா என்னை ஏட்டின்னு கூப்பிடவே மாட்டாரு.”

பிறகு மாமியைப் பார்த்துப் பேசினாள்.

“மாமி, அப்பா டெய்லி வருவாரு கனவுல. நான்தான் சொல்லல. இங்க செத்தவங்கதான கனவுல வாறாங்க. வந்தாருன்னு சொல்லிட்டா செத்துருவாருன்னு... வரும்போதெல்லாம் போ போன்னு வெரட்டிருவேன்.”

அத்தனை நாள் அந்தப் பிள்ளை தூக்கத்திலும் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், தன் அப்பனைச் சாகவிடாமல். அதற்கு நான் கொடுத்த பொய்தான் தாழ்ப்பாள். பேச்சி நகர்ந்து போய் அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. மாமி, மற்றப் பிள்ளைகளைக் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

“என்ன சட்டை போட்டிருந்தார்?”

“மஞ்சள். கம்பெனி டி-சர்ட். பின்னால கிழிஞ்சிருக்கும்.” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். டீ கிளாஸை என் கையில் தராமல் தரையில் வைப்பாள். நான் போய் மாமியிடம் முறையிட்டேன். “லெட்டர்லே நீங்கதானே சொன்னேள், கோவப்படுன்னு? சொன்னதைக் கேக்கற கொழந்தை” என்று சிரித்தார். ஐந்தாவது வாரம் கிளாஸ் கைக்கு வந்தது.

முழங்கால் முடியாமல் மாமி மகள் வீட்டுக்கு நெருள் போனபிறகும் வட்டம் நிற்கவில்லை. இப்போது பேச்சிதான் கேள்வி கேட்கிறாள். நான் இன்னும் டீ ஆற்றுகிறேன். கதவில் எழுதிய நம்பர்படி அந்த அறையும் இடிபடும் என்கிறார்கள். இடியட்டும், பாயை வேறு இடத்தில் விரிக்கலாம்.

மாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நாலாக மடித்த காகிதம். பெட்டியில், மகனுடைய போனுக்குக் கீழே இருக்கிறது. இன்னொன்று அந்தக் கேள்வி. அது என்னிடம் இல்லை, என் பேத்தியிடம் இருக்கிறது. தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பாள், “தாத்தா, யார் யார் வந்தா?” நான் சொல்வேன். அவள் பிறக்கும் முன்னே போன என் சம்சாரம் வருவாள். மருமகள் வருவாள். முருகன் மஞ்சள் டி-சர்ட்டோடு வருவான். இந்த வாரம் மாமியும் வந்தார்.

“என்ன புடவை?” என்றாள்.

“பச்சை. ஒரு கையால தூக்கிப் பிடிச்சிருந்தாவ. கரை மட்டும் ஈரம்.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். என் மனிதர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஒருநாளும் என் கனவுக்கு வந்ததில்லை. வரவேண்டிய அவசியம் இல்லை, வாயில் பல்பொடி நுரையோடு என் எதிரிலேயே நிற்கிறாள். அவள் பெயர் முத்துச்செல்வி.