பூட்டிய கிரில் கதவுக்குள்

சென்ற ஆண்டு, பினாங்கு ஜார்ஜ்டவுனில் வீட்டுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. கடைவீட்டு மாடியில் ஓர் அறைதான் ஆபீஸ். முதலாளியை எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. போன வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால், ஆபீசுக்கு அழைத்து "என் குடை அங்க இருக்கா?" என்று கேட்க வேண்டும். எங்கள் ஆட்களில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் உடனே கிளம்பி வருவார்கள். அக்கா சினிமா அதிகம் பார்க்கிறார் போலும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சுங்கை பினாங்கு பகுதியில், ஓர் அடுக்குமாடி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். ஏற்பாடு செய்தது தைப்பிங் நகரில் இருக்கும் மகள். ஒரு மதியம் மகன் வந்தான்.

"கூட்டாளிங்க வராங்க. அம்மா சும்மா கத்திக்கிட்டே இருக்கும். தூக்க மாத்திரைய ரெண்டா குடுத்துரு."

டாக்டர் சொன்னது பாதி மாத்திரை. அந்த அம்மாவுக்கு மூச்சே திணறித்தான் வரும். முடியாது என்றேன். அவன் கிரில் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"அக்கா, மாத்திரை கூட குடுக்கச் சொல்றாங்க. அப்புறம், என் குடை அங்க இருக்கா?"

"இருக்கும்மா. நானே கொண்டு வரேன். அதுவரைக்கும் மாத்திரையத் தொடாதலா," என்றார்.

மாத்திரை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலை ஒட்டி நின்றேன். அவன் திட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம், வருவது அக்காவா, அவன் கூட்டாளிகளா என்று உயிர் போய் உயிர் வந்தது.

அக்காதான், கட்டடக் காவலாளியோடு. கிரிலுக்கு வெளியே நின்று கைப்பேசியை நீட்டினார். "உங்க சிஸ்டர் லைன்ல இருக்காங்க. கதவத் திறந்துட்டுப் பேசுங்க தம்பி."

திறந்தான். "இனிமே உங்க ஏஜென்சியே வேணாம்!" என்று கத்தினான்.

"சரி தம்பி. சிஸ்டர் வர்ற வரைக்கும் அம்மாவ விட்டுட்டுப் போகமாட்டோம்," என்று அக்கா கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மகள் வந்து அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போனார்.

வந்ததும் வராததுமாக ஒரு வாடிக்கை வீட்டை இழக்க வைத்துவிட்டேனே, என்னை வேலையில் வைத்துக்கொள்வாரா என்ற கலக்கத்தோடு காரில் ஏறினேன். அக்கா காரைக் கிளப்பவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப பயந்துட்டேன்மா," என்றார். "நாளைக்கு வேற வீடு. மொத நாளு நானும் கூட வரேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு எனக்காக அந்தக் கதவு வரை வந்தாரே என்று நினைக்கும்போது, இன்றும் எந்த வீட்டு வாசலிலும் நான் தனியாக நிற்பதாகத் தோன்றுவதில்லை.