சீனிக்குச் சனிக்கிழமை சொறி

நல்லெண்ணெய் தடவிய ஒரு வெள்ளெலியை எப்போதாவது உள்ளங்கையில் ஏந்தியிருக்கிறீர்களா? வழவழவென்று, இளஞ்சூடாக, உடம்பு முழுவதும் இருதயமே போலத் துடிக்கும். கொஞ்சம் பிடி தளர்ந்தால் விரலிடுக்கால் நழுவிச் சட்டைக் கைக்குள் புகுந்துவிடும், பிறகு நடுவீட்டில் நாம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க அடுத்த வீட்டாரெல்லாம் வாசலில் கூடிவிடுவார்கள். கொட்டாஞ்சேனையில் நான் பிறந்து வளர்ந்த ‘தோட்டத்தில்’ சனிக்கிழமை காலைகள் இப்படித்தான் விடிந்தன. தோட்டம் என்றதும் மரம் செடி கொடி என்று நினைத்துவிடாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், ஒருவர் தும்மினால் இன்னொருவர் நலம் விசாரிக்கும் நெருக்கம், அதுதான் தோட்டம்.

சீனி என்பது என் வெள்ளெலியின் பெயர். வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டு எலி குட்டி போட்டபோது பென்சில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். முதலில் அலறிய அம்மா, பிள்ளையாரின் வாகனம் என்று நினைவு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அதை எலி என்று அவள் சொன்னதே இல்லை, “வாகனம் சாப்பிட்டுதா?” என்றுதான் கேட்பாள். அப்பா புறக்கோட்டையில் ‘நாட்டாமை’, அதாவது மூட்டை தூக்குகிற வேலை. பள்ளிக்கூடப் படியையே மிதிக்காதவர். ‘எலி வளக்கிற வீடு’ என்று முகத்தைச் சுளித்தாலும், அவர் வேலை செய்த பீங்கான் கடையில் தட்டுக்கும் கோப்பைக்கும் இடையில் வைத்து வரும் வைக்கோலில் நல்லதாகப் பார்த்து ஒரு கைப்பிடி, வெள்ளிக்கிழமைதோறும் ‘சொப்பிங் பேக்கில்’ கொண்டுவந்துவிடுவார். “இந்தா, ஒன் ராணிக்கு மெத்தை” என்று என் பக்கம் பார்க்காமல் நீட்டுவார். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் நாள், ஆகவே கூடு கழுவும் நாளும் அதுவே.

திடீரென்று ஒரு சனிக்கிழமை சீனி சொறியத் தொடங்கியது. பின்காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் ‘விர்விர்’ரென்று சொறியும் வேகத்தைப் பார்த்து முதலில் நானும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வாரம் கழுத்தில் உரோமம் உதிர்ந்து ரோஸ் நிறத் தோல் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் பொருக்கு. வார நடுவில் கொஞ்சம் தணியும், சனிக்கிழமை வந்தால் மறுபடி ரத்தம். அம்மாவுக்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? “சனியன் பாக்குது. வாகனத்தையே பாக்குதுன்னா எவ்வளவு துணிச்சல்!” என்று, வீட்டில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நடக்கும் வரிசையில் அப்பாவுக்கும் எனக்கும் அடுத்ததாக, பெண் என்றும் பாராமல், சீனியையும் சேர்த்துவிட்டாள். மஞ்சள் வேறு. வெள்ளெலி மஞ்சள் எலியாகி, பூசியதையெல்லாம் நக்கித் தின்று, சாப்பாட்டை வெறுத்தது.

“என்ன மல்லி, ஒங்கட எலிக்குத் தலைத் தீபாவளியா? எண்ணெ வழியுதே!” என்று எதிர்வீட்டு ரிஸ்வான் நானா தன் ஆட்டோவைத் துடைத்தபடி தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். எனக்கு அவர் ‘நானா’, அதாவது அண்ணன், அவருக்கு நான் ‘மல்லி’, அதாவது தம்பி.

சிரிப்பு அத்தோடு நின்றது. தங்கச்சியின் கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அப்பா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போதும். ஞாயித்துக்கிழமைக்குள்ள எலிய பிராணி விக்கிற கடையில விட்டுட்டு வந்துருவேன்” என்றார். சொறி பிடித்த எலியை எந்தக் கடைக்காரன் கூட்டில் வைப்பான்? சந்தில் வீசிவிடுவான். நான் சாப்பிடாமல் கிடந்து கெஞ்சி, ஒரு வாரம் தவணை வாங்கினேன்.

அந்த வாரம் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகவில்லை, வைக்கோலும் வரவில்லை. பழைய பேப்பரைக் கிழித்துக் கூட்டில் போட்டேன். சனிக்கிழமை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பார்த்தால், சீனி முன்னங்கால்களால் நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருக்கிறது! “சனி பகவான் எறங்கிட்டாரு” என்று அம்மா கும்பிட்டாள். அப்பாவும் சீனியை விட்டுவைத்தார், தவணை ஞாயிறும் கடந்துவிட்டது. அடுத்த வெள்ளி அப்பா வேலைக்குப் போனார், மெத்தை வந்தது, மறுநாள் காதோரம் ரத்தம். என் தலைக்குள் ஏதோ ‘டக்’கென்று எரிந்தது. சனியாவது பகவானாவது, வைக்கோல்! ஆனால் அப்பா ஆசையாகக் கொண்டுவந்த பொருளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “டொக்டரிட்ட ஒருக்கா காட்டுவம் அப்பா, அவர் கடையில விடச் சொன்னா நானே கொண்டுபோய் விடுறேன்” என்றேன். ரிஸ்வான் நானா, “ஏறுங்க மொதலாளி, வாகனத்துக்கே வாகனம் ஓட்டின புண்ணியம் எனக்குக் கிடைக்கட்டும்” என்று ஆட்டோவைக் கிளப்பினார்.

கிராண்ட்பாஸ் பக்கத்து மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. சீனியின் முதுகில் ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, “மல்லி, நீங்களும் பாருங்க” என்று நகர்ந்து நின்றார். பாடப்புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்த நுணுக்குக்காட்டி! கண்ணை வைத்தேன். ஒரு வெள்ளை உரோமத்தை, தென்னை மரத்தைக் கட்டிப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஓர் உண்ணி கால்களை ஆட்டியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தியும்விட்டேன்.

கூட்டிலிருந்த வைக்கோலை டொக்டர் கிள்ளியெடுத்தார். “மே பிதுரு கொஹென்த?” இந்த வைக்கோல் எங்கேயிருந்து?

நான் தலையைக் குனிந்தேன். அப்பாதான் பேசினார்: “மம தமய் கெனாவே, டொக்டர்.” நான்தான் கொண்டுவந்தேன்.

கடையின் ஸ்டோரில் காட்டெலிகள் உண்டா என்று டொக்டர் கேட்க, பூனையே பயப்படும் எலிகள் உண்டு என்றார் அப்பா. அவை வைக்கோலில் புரண்டு விட்டுப்போகும் உண்ணிகள்தாம் இவை என்றார் டொக்டர். எண்ணெயில் கொஞ்சம் மூச்சுத் திணறி அடங்கும், புது வைக்கோலோடு புதுக் கூட்டம் வந்து இறங்கும். இந்த உண்ணி மனிதரில் தங்காது, பிள்ளையின் கையைப் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். (அது வெறும் நுளம்புக்கடி, கொசு கடித்த தடிப்பு என்று பிறகு தெரிந்தது.) பிடரியில் ஒரு துளி மருந்து விட்டு, சில வாரங்களுக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்லி, காயம் ஆழமாகாதபடி பின்கால் நகங்களின் நுனியை நறுக்கிவிட்டார். எண்ணெய் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், கூட்டைச் சுடுதண்ணீரில் கழுவுங்கள், அச்சடிக்காத வெறும் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அப்பா நுணுக்குக்காட்டியில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. “ஊர்ச் சொமையெல்லாம் தூக்கினேன். இந்தப் பயலையும் நான்தான் தூக்கிட்டு வந்தேனா?” என்று அவர் சிரித்த சிரிப்பில் டொக்டரும் சிரித்துவிட்டார். பிராணிக் கடைப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

உரோமம் முளைக்கத் தொடங்கிய நாட்கள்! முதலில் தோலில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல், பிறகு வெல்வெட், பிறகு அசல் வெள்ளை. தோட்டத்துச் சனமெல்லாம் வந்து வந்து பார்த்தது. அம்மா மட்டும், மருந்து பாதி, சனி இறங்கியது பாதி என்று கடைசிவரை கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

வெள்ளெலிக்கு வாழ்நாள் குறைவு. சீனி அதை முழுதாக வாழ்ந்து, ஓர் உரோமம் குறையாமல் கிழவியாகிப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தையும் இடித்துவிட்டார்கள், ரிஸ்வான் நானா எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை. இப்போது நாங்கள் பாமன்கடையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம், வெள்ளவத்தையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் மாடியிலேயே, பெயர்கூடத் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஏதோ பிராணி வளர்கிறது, கீச்சென்று சத்தம் கேட்கிறது. என்னவென்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. கதவைத் தட்டலாமா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் படியிறங்கிப் போகிறேன்.