காவிரியில் முங்கிய பாத்திரம்

எங்கள் மாடியில் குடியிருந்த இஸ்ரேல் பெண் யோகா படிக்க மைசூருக்கு வந்தவள். கேரட், வெள்ளரி, முளைகட்டிய பயறு என்று முயலே வெட்கப்படும்படி சாப்பிட்டாள். எங்கள் சமையலை மட்டும் தொட்டதில்லை. கேட்டால், கோஷர் என்பாள். யூதர்களின் உணவு விதி. வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறாள். ஒரு வாய்கூட நம் வீட்டில் சாப்பிடாமல் போகிறாளே என்று என் மனைவிக்கு ஆற்றாமை.

என் ஆற்றாமை வேறு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியதிலிருந்து, விருந்தாளி இலையில் உட்கார்ந்தால்தான் வீட்டில் திருக்கண்ணமுது. பாயசத்துக்கு எங்கள் ஐயங்கார் வீட்டுப் பெயர் அது. அந்த வெல்லக் கடலில் மனத்தால் நீந்திக்கொண்டே மாடியேறினேன்.

"கோஷர்னா டயட்தானே? இனிப்பு கூடாதோ?" என்று ஆங்கிலத்தில் இழுத்தேன்.

சிரித்தாள். "சிப்ஸ்கூட கோஷரா இருக்கலாம், அங்கிள். எது ஆகும்னு சட்டம் சொல்லும். எது உடம்புக்கு நல்லதுன்னு நான்தான் யோசிக்கணும்."

இத்தனை இனிமையான சட்டத்தை நான் கேட்டதே இல்லை.

நிபந்தனைகளோடு இறங்கினேன். பாத்திரம் புதிதாக, அவளுடையதாக இருக்க வேண்டும். ஆற்றில் முக்க வேண்டும். அடுப்பை அவள்தான் பற்றவைப்பாள். பால் அவள் கண்ணெதிரே கறந்ததாக இருக்க வேண்டும். என் மனைவியோ, சோறு பட்ட கையை அலம்பாமல் தயிர்ச் சட்டியைத் தொட்டால் என்னையே விரட்டுகிறவள். பத்து என்று அதற்குப் பெயர். அவள் அடுப்பில் இன்னொருத்தி கை வைப்பதா? பயந்துகொண்டே சொன்னேன்.

"அய்யோ ராமா, இவ்ளோதானா? நம்மாத்துப் பத்தைவிடச் சுலபமா இருக்கே! தேங்காப்பால் விட்டுடறேன். குளிச்சுட்டு வரச் சொல்லுங்கோ."

தேவராஜ மார்க்கெட் பக்கம் அந்தப் பெண் எவர்சில்வர் பாத்திரமும் கரண்டியும் வாங்கினாள். ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். படித்துறையில் ஏதோ முணுமுணுத்தாள். தண்ணீர் எல்லாப் பக்கமும் பட வேண்டுமென்று பிடியைத் தளர்த்தினாள். காவிரிக்கும் பாயசம் பிடிக்கும் போலிருக்கிறது, பாத்திரத்தை இழுத்துக்கொண்டது. பேன்ட்டோடு பாய்ந்தேன். அதைக் கட்டிப்பிடித்து நான் கரையேறியபோது துணி துவைத்த பெண்மணி கன்னடத்தில் கேட்டாள், "என்ன சாமி, தங்கமா?"

"அதுக்கும் மேல," என்றேன்.

புதன்கிழமை மதியம் இஸ்ரேல் பெண் தலையில் ஈரம் சொட்ட வந்து அடுப்பைப் பற்றவைத்து ஒதுங்கி நின்றாள். என் மனைவி கிளறினாள். ஊறவைத்த பயறோடு கலக்கும் கோசம்பரிக்கு வெள்ளரியை அந்தப் பெண்ணே தன் கத்தியால் நறுக்கினாள். ஒருத்தி நகர, மற்றவள் விலக, அந்தச் சின்னச் சமையலறையில் பெரிய நாட்டியம்.

இலை போட்டோம். கோசம்பரியைக் குவித்துக்கொண்டாள். திருக்கண்ணமுது ஒரே ஒரு கரண்டி. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். என் மனைவியின் முகத்தில் தீபாவளி.

நான் இலையைத் தட்டினேன்.

"உங்களுக்கு எப்படிப் போடறது? அது அவ பாத்திரம். நம்ம கரண்டி படப்படாது."

"அவ கரண்டி இருக்கே!" என்று அதைச் சுட்டிக் காட்டினேன்.

"சட்டம் தடுக்கலை, அங்கிள்," என்ற அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஒரு விரலைக் காட்டினாள். ஒரு கரண்டி விழுந்தது. மீதி, மூடியோடு மாடியேறியது.

சாயங்காலம் வரை படிக்கட்டில் ஏலக்காய் வாசனை இறங்கி வந்துகொண்டே இருந்தது. மாடிக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவர எழுந்தேன்.

"கரண்டி இல்லாம எங்க கிளம்பிட்டேள்?" என்றது உள்ளேயிருந்து குரல்.