வாளை மீனாக ஓடினேன்

தோழிகளே, இன்று ஓசூர் ஏலக்கடையில் நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

குஞ்சு மீன் போல இறகு கட்டிய முள்ளை வீசுவதற்கான வெள்ளைக்காரர் தூண்டில் கோல்கள் இரண்டு இருந்தன. ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. என்னைக் கூட்டிப்போன மாமாவின் பழைய கோலைத் தென்பெண்ணை ஆற்றில் ஒரு பெரிய வாளை முறித்துவிட்டதால்தான் வேறு வாங்க வந்திருந்தோம்.

"மெல்லிசுதான் அழகு சார்" என்றார் கடைக்காரர்.

எது வாளையை நிறுத்தும் என்று பார்க்க, மாமா கோலைப் பிடித்துக்கொண்டு நூல் நுனியை என்னிடம் தந்தார். "வாளையாட்டம் ஓடு பாப்பா!"

மெல்லிய கோல் வளைந்து கொடுத்தது. தெருமுனை வரை ஓடினேன்.

தடித்த கோலோ பாதியிலேயே என்னை நிறுத்தியது. அதன் பலம் நூல் வழியே என் கையில் துடித்தபோது உடம்பே சிலிர்த்தது.

"மீனு சிக்கிச்சு!" தெருவே சிரித்தது.

மாமா தடித்ததையே வாங்கினார். எனக்கோ இப்போது வாளைமேல்தான் இரக்கம். நீங்கள் யார் பக்கம்?

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்; இருட்டில் இதோடு முடிக்கிறேன்.