பத்தரை மணி வரை விறகு

முசிறிக்குச் சற்று முன்னால், வாழைத் தோட்டத்துக்கு நடுவில் என் நண்பருக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. முப்பது வருடம் ஒரே ஆபீஸில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ரிட்டையர் ஆனதும் நான் ஸ்ரீரங்கத்து வீட்டில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். அவர் கே.கே. நகர் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு மனைவியோடு தோட்டத்துக்கே போய்விட்டார். ஆடிக் காற்றில் அங்கே ஒரு வாகை மரம் சாய்ந்தது. ஆளை வைத்து மிஷினால் துண்டு போட்டு, இரண்டு மாதம் காயவிட்டிருந்தார். இனி அதைப் பிளந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டகைக்குள் அடுக்க வேண்டும். "ஒரு நாள் வாங்க சாமி, சேந்து வெறகு பொளக்கலாம்" என்று போனில் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டதிலிருந்தே அவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது.

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. அன்று மதியத்துக்குள் என் மனைவியின் பரிசோதனை முடிவு வரவேண்டியிருந்தது. மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. புற்றுநோயா இல்லையா என்ற ரிப்போர்ட்டை என் போனுக்கு அனுப்பிவிடுவதாக லேபில் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம்கூட இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். மற்ற நேரத்தில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காலையில் நினைப்பேன். சாயங்காலம் பார்த்தால் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசி முடித்திருப்பேன். வீட்டில் ஒருத்தராவது நிதானமாக இருக்க வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குத் தைரியம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு, "நாளைக்குப் போகத்தான் வேணுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"இங்கே உக்காந்துண்டு என்ன பண்ணப்போறோம்? நானும் வரேன்" என்றாள்.

ஏழரை மணிக்குத் தோட்டத்தில் இருந்தோம். நண்பர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டினார். போன் அதன் பையில் இருந்தது. கட்டையின் முகத்தில் வெயிலில் தானாக ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதன் மேல் கோடாலியைப் போட வேண்டும், கணு உள்ள கட்டையை ஒதுக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. என் முதல் நாலு வெட்டும் நாலு இடத்தில் விழுந்தன.

"சாமி, அது பேனா இல்ல, கோடாலி. அதுவா விழட்டும், நீங்க அமுக்காதீங்க" என்றார்.

நான் பிளந்து போட்டதைப் பெண்கள் இருவரும் எடுத்துப் போய்க் கொட்டகையில் அடுக்கினார்கள். கரையான் ஏறாமல் இருக்க, கல் வைத்து அதன் மேல் இரண்டு தென்னந்துண்டைப் போட்டிருந்தது. "மாமி, பட்டை மேல பாத்து இருக்கட்டும். சாரல் அடிச்சா உள்ள எறங்காது" என்று நண்பரின் மனைவி சொல்லிக்கொடுத்தார். என் மனைவி ஊசி போட்ட பக்கத்துக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இரண்டிரண்டாகக் கொண்டுபோனாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடத்தில் போன் ஒலித்தது. போய் எடுத்துப் பார்த்தேன். லேபிலிருந்துதான். "ரிப்போர்ட் வந்திருக்கு" என்றேன். நாலு பேரும் நின்றுவிட்டோம்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏன்னா, இப்போ ராகு காலம். பத்தரைக்கு மேல திறந்து பாத்துக்கலாம்."

எங்கள் தெருவில் இதெல்லாம் வேடிக்கை இல்லை. ராகு காலத்தில் கூரியர் வந்தால் அந்தப் பெட்டி ஒன்றரை மணி நேரம் கூடத்தில் அப்படியே காத்திருக்கும். ஏற்கெனவே அடித்து முடித்த எழுத்தை ராகு வந்து திருத்தப்போகிறானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. போனை மறுபடி சட்டைப் பையில் போட்டேன்.

"அதுவும் சரிதான். பத்தரைக்குள்ள இந்தக் குவியல முடிச்சிரலாம்" என்றார் நண்பர்.

வெட்டினேன். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி, உடைந்து, கோடாலிக் காம்பு பிசுபிசுத்தது. வலிக்கவில்லை. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நண்பரின் மனைவி மணப்பாறை முறுக்கும் மோரும் கொண்டுவந்தபோது, இவள் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அடுக்கில் ஒரு கட்டை துருத்திக்கொண்டிருந்ததைப் பிடுங்கித் திருப்பி வைத்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டைப் பையில் என்ன காத்திருக்கிறது என்று இவளுக்குப் புரியவே இல்லையா? எல்லாக் கவலையையும் நான் ஒருவனே சுமக்க வேண்டுமா? கவலையே படாதவன் இப்படி நினைத்தேன்.

அவள் வந்து என் கையை விரித்துப் பார்த்து, கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். "மெதுவா வெட்டுங்கோ. இன்னும் நேரம் இருக்கு."

பத்தரை மணிக்குக் கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, கணு இருக்கிறதென்று ஒதுக்கிய கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினேன். இரண்டு பக்கம் இங்கிலீஷ். கடைசி வரி மட்டும் புரிந்தது. புற்றுநோய்தான். அப்போதும் உள்ளே எதுவும் அசையவில்லை. எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையைப் போடுவது என்று ஆபீஸ் கடிதம் எழுதுவது போல யோசித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனேன்.

"கொஞ்சம் இப்படி வந்து உக்காரு" என்றேன்.

"உக்காரல்லாம் வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றாள். "நேத்து சாயந்தரம் நீங்க கோவிலுக்குப் போயிருந்தேளே, அப்போ டாக்டரே போன் பண்ணிச் சொல்லிட்டார். புதன்கிழமை அட்மிட் ஆகணும்."

"அப்புறம் எதுக்கு ராகு காலம்னே?"

"ஒன்றரை மணி நேரம் கிடைச்சுதோல்லியோ? புதன்கிழமைக்கப்புறம் இந்த மாதிரி எப்போ வருவோமோ. நீங்களும் நன்னா வெட்டிண்டிருந்தேள்."

முந்தின நாள் நான் கோவிலிலிருந்து திரும்பியதும் அவள் அடை வார்த்துப் போட்டாள். உப்பு போதவில்லை என்று நான் முகத்தைச் சுளித்தேன். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அது இப்போது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கையில் கொப்புளம் உடைந்த இடம் திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். பதினோரு நாளாக வராதது மொத்தமாக வந்தது. வெளியே நண்பர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவள் என் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "நான் நேத்திக்கே அழுது முடிச்சாச்சு. நீங்க அழுங்கோ. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அவள் அழுதபோது பக்கத்தில் யாரும் இல்லை.