கேஸ் மாத்திரை மருந்தில்லை

1. முடி கொட்டாத குறை

கொல்கத்தாவில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் என்னிடம் சாதனைக் கதைகளை எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பது அசடு வழிந்த கதைதான். அதைச் சொல்கிறேன்.

செந்தில் மதுரைக்காரர். சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை. முப்பத்திரண்டு வயதில் சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தது. தினமும் ஒரு டார்கெட்டெட் மாத்திரை, அதாவது குறிவைத்து அடிக்கும் மாத்திரை, எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்தவருக்கு ஒரே கவலை.

"முடி கொட்டவே இல்லையேக்கா. மருந்து வேலை செய்யுதா?"

சினிமா பார்த்து வைத்தியம் கற்ற தேசம் இது. விளக்கினேன். கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல் எதைக் கண்டாலும் அடிக்கும். புற்று செல் வேகமாகப் பெருகும். முடியின் வேரும் பெருகும், வாயின் உள்தோலும் பெருகும். எல்லாருக்கும் அடி விழும். இந்த மாத்திரை அப்படியில்லை. செந்திலின் ரத்த செல்களில் ஒரு சுவிட்ச் ஆனிலேயே மாட்டிக்கொண்டு, பெருகு பெருகு என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. மாத்திரை அந்த சுவிட்சில் போய் அடைத்துக்கொண்டு உட்காரும். முடியோடு அதற்கென்ன பகை?

"அப்ப விக் வேணாமா?" என்றார். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாராம்.

2. ஒரு பை காலி ஸ்ட்ரிப்

ஒரு வருடம் நோயின் அளவு அழகாக இறங்கியது. பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்த டெஸ்டில் தொடர்ந்து மூன்று தடவை ஏறியது. மருந்து பொருந்தாதபடி சுவிட்சின் உருவம் மாறிவிட்டதா என்றும் டெஸ்ட் எடுத்தார்கள். மாறவில்லை. அடுத்தது எலும்பு மஜ்ஜை மாற்று என்று பேச்சு வந்தது. மஜ்ஜை கொடுப்பதற்காக மதுரையில் அவருடைய அக்கா, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவர ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மஜ்ஜை மாற்று விளையாட்டில்லை. அதிலிருந்து வீடு திரும்பாதவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் டாக்டர் கெட்டிக்காரர். பேஷண்டைத் தவிர எல்லாவற்றையும் நம்புவார்.

"மாத்திரையை ஒழுங்கா முழுங்கறதில்ல, விஜயாதி. நீங்க உங்க தமிழ்ல கேட்டுப் பாருங்க" என்றார் வங்காள மொழியில். என் பெயர் விஜயா; இங்கே பெயரோடு 'தி' சேர்த்தால் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் போலீஸ் ஸ்டேஷன் குரலில்தான் கேட்டிருப்பேன். செந்தில் எழுந்து போய்விட்டார். மறுநாள் ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தார். எல்லாம் காலி ஸ்ட்ரிப்.

"ஒரு நாள் விடலக்கா. நல்லாப் பாத்துக்கங்க. சாகணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவசரமாக அள்ளிப் பைக்குள் போடப் போனபோதுதான் பார்த்தேன். பல ஸ்ட்ரிப் வேறு நிறம்.

"இது என்ன?"

"அது கேஸ் மாத்திரைக்கா. கரியாஹாட் பி.ஜி.க்கு மாறினதுலேருந்து போடறேன். ஹவுஸ் ஓனர் அம்மா, மாஷிமான்னுதான் கூப்பிடுவோம், காலைல வெறும் வயித்துல ஒண்ணு குடுத்துருவாங்க. அவங்க வீட்டுல எல்லாரும் போடுவாங்க."

"வேற மருந்து எடுக்கறீங்களான்னு ஒவ்வொரு விசிட்லயும் கேட்டேனே?"

"கேஸ் மாத்திரை மருந்தாக்கா?"

இந்த ஊரில் அது மருந்தில்லைதான். கொல்கத்தாவில் யாரையாவது நலம் விசாரித்தால் பதில் வயிற்றைப் பற்றித்தான் வரும். காலை டீக்கு முன்னால் ஒரு கேஸ் மாத்திரை என்பது இங்கே பல் தேய்ப்பது மாதிரி. டாக்டரின் டிராயரில் ஒரு ஸ்ட்ரிப் உண்டு. அன்று காலை நானும் ஒன்று போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

செந்திலின் புற்றுநோய் மாத்திரை கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை நாள் முழுக்க அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். உலகத்தின் விஞ்ஞானிகள் சேர்ந்து, ஒரே ஒரு சுவிட்சுக்குக் குறிபார்த்துச் செய்த மருந்து, ரத்தத்தில் சரியாகச் சேராமல் பெரும்பகுதி கக்கூஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய நான், 'வேறு மருந்து: இல்லை' என்று நான்கு விசிட்டாக என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"பேஷண்ட் மறைச்சிட்டார்னு ஃபைல்ல எழுதிடுங்க."

நான், 'ஃபார்மசிஸ்ட் சரியாகக் கேட்கவில்லை' என்று எழுதினேன். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் பிடித்ததா என்ன?

கேஸ் மாத்திரையை நிறுத்தினோம். மஜ்ஜை மாற்றைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த டெஸ்டில் அளவு இறங்கியது. அதற்கடுத்ததில் நன்றாகவே இறங்கியது. ரிப்போர்ட்டோடு என் அறை வாசலில் நின்றபடியே செந்தில் மதுரைக்கு போன் செய்தார்.

"நீ வரவேணாம்க்கா. பிள்ளைகளப் பாத்துக்க."

போனை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத யாராவது முன்னாடியே கேட்டிருக்கலாமேக்கா."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

'வேறு மருந்து உண்டா' என்று இப்போதெல்லாம் நான் யாரையும் கேட்பதில்லை. கண் விழித்ததிலிருந்து படுக்கிறவரை வாய்க்குள் போவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறேன். கஷாயம், சூரணம், பக்கத்து வீட்டு மாஷிமா கொடுத்தது, எல்லாம். கியூவில் நிற்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.